கிட்டாரிலிருந்து பியானோவுக்கு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு மொட்டைமாடி அறையில் கிட்டாரும் பியானோவும் சொல்லித் தருகிறேன். பதினான்கு வருஷம் கிட்டார் மட்டும்தான் வாசித்தேன். கல்யாண ரிசப்ஷன், லைட் மியூசிக் மேடை, டிசம்பரில் வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டு வாசிக்கும் கேரல் ரவுண்ட்ஸ். பியானோ முன்னால் ஒழுங்காக உட்காரும்போது வயது முப்பத்திரண்டு. இன்று என்னிடம் பியானோ படிக்க வருபவர்களில் பாதிப் பேர் கிட்டார்காரர்கள். காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கிருந்து வந்தாலும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

பத்து வருஷமா கிட்டார் வாசிக்கிறேன் மாஸ்டர். பியானோ சீக்கிரம் வந்துடும்ல?

ஒரு பாதி சீக்கிரம் வரும். தாளம் உங்கள் உடம்பிலேயே இருக்கிறது. ஒரு பாட்டு எந்த இடத்தில் மைனருக்குத் திரும்பும் என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். புதிதாக வரும் பிள்ளைக்கு இதைக் கொண்டுவரவே இரண்டு வருஷம் ஆகும்.

இன்னொரு பாதியில்தான் சிக்கல். கிட்டார்காரனுக்குக் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) வடிவம் தெரியும், உள்ளே இருக்கும் சுரம் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அக்கா ஒருநாள், "ஏ மைனர்ல என்னென்ன நோட்டு இருக்கு, சொல்லு" என்றார். நான் சட்டென்று இடது கையைக் காற்றில் தூக்கி, இல்லாத கிட்டாரில் ஏ மைனர் பிடித்து, கம்பி கம்பியாக எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். "காத்துல இன்னாப்பா தேடற?" என்று கேட்டார். ஆயிரம் மேடையில் வாசித்த கார்டு அது. ஏ, சி, ஈ என்ற மூன்று எழுத்தைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் பிடித்தது.

பியானோவில் இந்த அரை நிமிஷம் கிடைக்காது. அங்கே பிடிப்பதற்கு வடிவம் என்று ஒன்று தனியாக இல்லை, சுரம்தான் இருக்கிறது. முதல் மூன்று மாதம் நான் சொல்லிக் கொடுப்பதெல்லாம், உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததை உங்கள் வாய்க்குத் தெரியவைப்பதுதான்.

அதே கார்டுதானே? பியானோவுல வாசிச்சா ஏன் மொக்கையா கேட்குது?

கிட்டாரை எடுத்து ஈ மேஜர் பிடியுங்கள். ஆறு கம்பியும் ஒலிக்கிறது, ஆனால் சுரம் மூன்றுதான். ஈ மூன்று இடத்தில், பி இரண்டு இடத்தில், ஜி ஷார்ப் ஒரே ஒரு இடத்தில். அந்த ஜி ஷார்ப் எங்கே என்றால், மூன்றாம் கம்பி முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் முதல் கட்டத்தில்), உங்கள் ஆள்காட்டி விரலுக்கு அடியில். அந்த விரலைத் தூக்கினால் ஈ மைனர் என்று முதல் வாரத்திலேயே படித்திருப்பீர்கள். விரலைத் தூக்கியபோது ஜி ஷார்ப் ஜி ஆனது, அவ்வளவுதான் நடந்தது. பாட்டின் முகத்தை மாற்றுவது அந்த ஒற்றைச் சுரம். இப்போது பியானோவில் ஈ, ஜி ஷார்ப், பி மூன்றையும் வைத்து, நடு விரலை மட்டும் பக்கத்துக் கட்டைக்கு இறக்கிப் பாருங்கள். இதைச் செய்துகாட்டும்போது பல கிட்டார்காரர்கள் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மொக்கையாகக் கேட்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கிட்டாரில் சுரங்கள் தாமாகவே விரிந்து கிடக்கும். திறந்த சி கார்டில் அடியில் ஒரு சி, அதிலிருந்து ஏறி ஏறி மேலே ஒரு ஈ. பியானோவில் நீங்கள் சி-ஈ-ஜி மூன்றையும் ஒட்டி ஒட்டி, அதுவும் இடது கையில் கீழே கொண்டுபோய் அமுக்குகிறீர்கள். கீழ்ப் பகுதியில் சுரங்கள் நெருங்கினால் குழகுழவென்றுதான் இருக்கும். இடது கையில் அடிச்சுரமும் அதன் மேல் ஸ்தாயியும் போதும், வேண்டுமானால் நடுவில் ஐந்தாம் சுரம். மூன்றும் வேண்டுமென்றால் வலது கைக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, நீங்கள் கார்டுக்குக் கார்டு தாவுகிறீர்கள். கிட்டாரில் கையை எடுத்து அடுத்த வடிவத்தில் வைத்துப் பழக்கம். பியானோவில் கை நகரக்கூடாது, சுரம் நகர வேண்டும். சி-ஈ-ஜி வைத்திருக்கிறீர்கள். எஃப் வேண்டுமா? சி அப்படியே இருக்கட்டும், ஈ ஒரு படி ஏறி எஃப், ஜி ஒரு படி ஏறி ஏ. மறுபடி சி-க்கு வாருங்கள். ஜி கார்டு வேண்டுமா? ஜி அப்படியே, சி இறங்கி பி, ஈ இறங்கி டி. இந்த மூன்று கார்டை மட்டும் ஒரு வாரம் இப்படிச் சுற்றுங்கள். நான் இதைப் பத்து நாள் செய்தேன், வேறொன்றும் வாசிக்கவில்லை.

ரெண்டு கையும் சேரவே மாட்டேங்குது. என்ன பண்றது?

இது எல்லாருக்கும் வரும். கிட்டாரில் இரண்டு கை இருந்தாலும் வேலை ஒன்றுதான். இடது கை பிடிக்க, வலது கை மீட்ட, இரண்டும் சேர்ந்து ஒரு சத்தம். பியானோவில் இரண்டு கைக்கும் தனித்தனி வேலை. இரண்டு பேர் குடியிருக்கும் வீடு மாதிரி, ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் துணி துவைப்பார்.

விரலால் மீட்டிப் பழகியவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் வலது கைக் கட்டைவிரல் இத்தனை நாள் பேஸ் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்ததே, அதுதான் இப்போது இடது கை. மற்ற மூன்று விரல் செய்ததை இனி வலது கை செய்யும். இதைக் கேட்டதும் சிலருக்கு அன்றைக்கே கை பிரிந்துவிடும். பிக் என்ற சின்ன வில்லையை வைத்துக் கம்பிகளை மொத்தமாக வருடி ஸ்ட்ரம் மட்டுமே செய்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும்.

பயிற்சி சொல்கிறேன். நாலு எண்ணுங்கள், வாய்விட்டு. ஒன்றில் இடது கை அடிச்சுரம், இரண்டு மூன்று நாலில் வலது கை கார்டு. அது தூக்கத்திலும் வந்த பிறகு, இடது கை ஒன்றிலும் மூன்றிலும், வலது கை இரண்டிலும் நாலிலும். அதற்குப் பிறகு இடது கை சுண்டுவிரல், ஆள்காட்டி, கட்டைவிரல் என்று அடிச்சுரம், ஐந்தாம் சுரம், மேல் அடிச்சுரம் மூன்றையும் உருட்டிக்கொண்டே இருக்க, வலது கை கார்டை வைத்துவிட்டுச் சும்மா இருக்கட்டும். சும்மா இருப்பதுதான் கஷ்டம், முயன்று பாருங்கள்.

இதற்குப் பியானோகூடத் தேவையில்லை. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒரு தம்பி என்னிடம் படிக்கிறார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நிற்கும் மணிக்கணக்கான நேரத்தில் ஸ்டியரிங் மேலேயே தட்டித் தட்டி இரண்டு கையையும் பிரித்துவிட்டார். வீட்டில் பியானோ வைத்திருக்கும் மாணவர்களை விட அவருக்குத்தான் முதலில் வந்தது.

விரல் எண் ஏன் இவ்வளவு குழப்புது?

கிட்டாரில் இடது கை ஆள்காட்டி விரல் 1, சுண்டுவிரல் 4. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அதற்கு எண்ணே கிடையாது. பியானோவில் இரண்டு கையிலும் கட்டைவிரல்தான் 1, சுண்டுவிரல் 5. ஆகவே புத்தகத்தில் 2 என்று போட்டிருந்தால் உங்கள் நடுவிரல் தானாக எழுந்துவரும். திட்டிப் பயனில்லை. முதல் மாதம் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் வாயால் "கட்டை, ஆள்காட்டி, நடு" என்று பெயர் சொல்லியே வாசியுங்கள்.

பெரிய மாற்றம் கட்டைவிரலுக்குத்தான். வலது கையில் சி ஸ்கேல் 1-2-3 வந்ததும், கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து நாலாவது சுரத்தைப் பிடிக்க வேண்டும், பிறகு 1-2-3-4-5. ஒளிந்திருந்த விரலுக்கு இப்போது பாதி வேலை. சி-யில் கஷ்டமாக இருந்தால் பி மேஜரில் முயலுங்கள். ஐந்து கறுப்புக் கட்டை இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நீளமான விரல்கள் உயரமான கறுப்பிலும், கட்டைவிரல் தாழ்ந்த வெள்ளையிலும் இயல்பாக விழும். பியானோ மேதை சோபின் தன் மாணவர்களுக்கு முதலில் கொடுத்த ஸ்கேல் இதுதான்.

நகம்?

வெட்டிவிடுங்கள். கட்டையில் நகம் படும் சத்தம் எனக்குப் பல்லைக் கூசும். கிட்டாருக்கும் நகம் வேண்டுமென்றால் பிக்குக்கு மாறுங்கள். விரல்நுனிக் காய்ப்பு பற்றிக் கவலை இல்லை, பியானோவுக்கு அது நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை.

ஒரு மணி நேரத்துல முன்கை வலிக்குது, ஏன்?

ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்கும் பார் கார்டு பிடிக்கிற மாதிரி அமுக்குகிறீர்கள். கிட்டாரில் விரலை எடுத்தால் சத்தம் செத்துவிடும், அதனால் அழுத்தம் விடாமல் இருக்கப் பழகியிருக்கிறோம். பியானோவில் கட்டை இறங்கும் ஆழம் சுமார் ஒரு சென்டிமீட்டர், இறக்கத் தேவையான பாரம் ஏறத்தாழ 50 கிராம். கட்டை பாதாளம் வரை போகும் முன்பே உள்ளே இருக்கும் சுத்தியல் பிடியிலிருந்து விடுபட்டுப் பறந்துபோய்க் கம்பியை அடித்துத் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை கிலோ அமுக்கினாலும் சத்தத்தில் ஒன்றும் மாறாது. சத்தம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது இறங்கும் வேகம் மட்டும்தான்.

1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி செய்த வேலை இதுதான். அதற்கு முன்பிருந்த ஹார்ப்ஸிகார்ட் கட்டைக்குக் கட்டை ஒரு சின்னப் பிக் வைத்துக் கம்பியைச் சுண்டியது, கிட்டாரின் உறவுக்காரன். மெல்ல அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் ஒரே சத்தம். சுத்தியல் வந்த பிறகுதான் விரலால் மென்மையும் வன்மையும் காட்ட முடிந்தது. 'பியானோ ஃபோர்ட்டே' என்ற பெயரே மெல்ல-பலமாக என்றுதான்.

வலி தொடர்ந்தால் ஸ்டூல் உயரத்தைப் பாருங்கள். முழங்கை கட்டையின் மட்டத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கட்டில்மேல் கீபோர்டு வைத்து வாசித்தால் வலிக்கத்தான் செய்யும்.

டேப் மட்டும்தான் படிக்கத் தெரியும். நொட்டேஷன் கட்டாயமா?

பாட்டுக்குப் பின்னணி கார்டு மட்டும் போதும் என்றால் கட்டாயமில்லை. பியானோ வாசிக்க வேண்டும் என்றால் படியுங்கள். டேப் என்பது கிட்டாருக்கான எண் குறிப்பு, எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்று சொல்லும். கிட்டாரில் ஒரே சுரம் நாலைந்து இடத்தில் கிடைப்பதால் அது தேவைப்படுகிறது. பியானோவில் 88 கட்டை, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே இடம். நொட்டேஷன் இந்த வாத்தியத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஏற்கெனவே நொட்டேஷன் தெரிந்த கிட்டார்காரர்கள் ஜாக்கிரதை. கிட்டார் நொட்டேஷனை உண்மையான ஒலியை விட ஒரு ஸ்தாயி மேலே எழுதுவது வழக்கம். ட்ரெபிள் கோட்டில் (மேல் சுரங்களை எழுதும் ஐந்து கோட்டு வரிசை) மூன்றாவது இடைவெளியில் இருக்கும் சி-யைப் பார்த்தால் நீங்கள் இரண்டாம் கம்பி முதல் ஃப்ரெட்டைப் பிடிப்பீர்கள். அங்கே கேட்பது பியானோவின் நடு சி. பியானோ புத்தகத்தில் அதே இடத்தில் இருப்பது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி. யாரும் சொல்லாததால் நான் இதில் மூன்று வாரம் ஏமாந்தேன்.

பேஸ் கோடு (கீழ்ச் சுரங்களை எழுதும் ஐந்து கோட்டு வரிசை) புதிது என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். உங்கள் ஆறு கம்பியையும் உண்மையான ஒலியில் பியானோ நொட்டேஷனில் வைத்துப் பாருங்கள். தடித்த ஈ, பேஸ் கோட்டுக்குக் கீழே போடும் குட்டிக் கோட்டில். ஏ முதல் இடைவெளியில். டி நட்டநடுக் கோட்டில். ஜி கடைசி இடைவெளியில். பி, பேஸ் கோட்டின் தலைக்கு மேலே. மெல்லிய ஈ மட்டும் ட்ரெபிளின் அடிக்கோட்டில். ஆறில் ஐந்து கம்பி பேஸ் கோட்டில்தான் குடியிருக்கிறது. இத்தனை வருஷமும் நீங்கள் வாசித்தது பெரும்பாலும் பியானோக்காரனின் இடது கைப் பகுதியைத்தான். இந்த ஆறு இடத்தையும் மனப்பாடம் செய்தால் மீதி பக்கத்துப் பக்கத்து வீடு.

கேப்போ மாதிரி டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கே, அதை யூஸ் பண்ணலாமா?

கேப்போ என்பது கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கவ்வி, கீபோர்டில் அந்த வேலையை இந்தப் பட்டன் செய்யும். மேடையில் பண்ணுங்கள். பாடகர் கடைசி நிமிஷத்தில் "அரைக் கட்டை ஏத்திக்கோங்க" என்பார், அங்கே போய்க் கொள்கை பேச முடியாது. வீட்டில் தொடாதீர்கள்.

நம் ஊரில் சுருதியையே கட்டையில்தானே சொல்கிறோம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. நடுவில் வரும் கறுப்பு, ஒன்றரை, இரண்டரை. பட்டனைப் போட்டுவிட்டால் கண் ஒரு கட்டையைப் பார்க்கும், காது ஒன்றரையைக் கேட்கும். முதல் கேள்வியில் சொன்ன நோய் மறுபடி ஆரம்பம்: கை சி என்று நினைக்கும், சுரம் வேறு. கிட்டார்காரர்களுக்கு ஜி, டி, ஏ, ஈ பிடிக்கும். அங்கேயே ஆரம்பித்து, மாதம் ஒரு சுருதி என்று ஃப்ளாட் பக்கம் நகருங்கள்.

வீடு சின்னது. கீபோர்டு வாங்கறதா, டிஜிட்டல் பியானோவா?

61 கட்டை கீபோர்டின் கட்டை ஸ்பிரிங்கில் எழும், விரலுக்கு எடை தெரியாது. கார்டு, காது, நொட்டேஷன் மூன்றுக்கும் அது போதும். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் டச் வசதி இல்லாததை மட்டும் வாங்காதீர்கள். ஆறு மாதம் விடாமல் வாசித்தீர்கள் என்றால் 88 கட்டை, எடை வைத்த டிஜிட்டல் பியானோவுக்குப் போகலாம். யமஹா, கேசியோ, ரோலண்ட் எதுவானாலும் கடைக்குப் போய் விரல் வைத்துப் பார்க்காமல் ஆன்லைனில் வாங்க வேண்டாம். அண்ணா சாலையில் இருக்கும், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் இசைக்கருவிக் கடை வரைக்கும் ஒருநாள் போய்வாருங்கள், நிஜப் பியானோவின் கட்டை எப்படி இறங்குகிறது என்று விரலுக்குத் தெரியட்டும்.

ஹவுசிங் போர்டு வீட்டில் இருப்பவர்களுக்கு ஹெட்போன் ஒரு வரம். கிட்டாருக்கு அந்த வசதி இல்லாமல் நான் பக்கத்து வீட்டு ஆயாவிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. வாங்கியதும் ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். கடற்காற்று கம்பியை மட்டும் துருவாக்குவதில்லை, சர்க்யூட்டையும் விடாது.

பெரம்பூர்ல ஒருத்தர் வீடு காலி பண்றார். பழைய பியானோ சும்மா தர்றேங்கிறார். எடுத்துக்கலாமா?

சும்மா கிடைக்கும் பியானோதான் மிக விலை கூடியது. அப்ரைட் ஒன்று 200 கிலோ தாண்டும். ஏறத்தாழ 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து 18 டன் அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும், அதைத் தாங்க உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். உங்கள் வீட்டு மாடிப்படி திருப்பத்தை முதலில் அளந்து பாருங்கள்.

பிறகு ஒரு டார்ச்சோடு போங்கள். கம்பியில் துரு, ஃபெல்ட்டில் பூச்சி அரித்த ஓட்டை, ஒலிப்பலகையில் விரிசல், இதையெல்லாம் பாருங்கள். ஒவ்வொரு கட்டையாக 88-ஐயும் அழுத்துங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி ஒன்றிரண்டு கட்டை எழாமல் நிற்பது சகஜம், சரிசெய்யலாம். ட்யூனிங் ஆணிகள் தளர்ந்து கம்பி நிற்கவே இல்லை என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். எனக்கு ஒருமுறை "நேத்துதான் ட்யூன் பண்ணோம்" என்று சொல்லி ஒன்றைத் தள்ளிவிட்டார்கள். வண்டிக்கூலி கொடுத்தேன், ஆள்கூலி கொடுத்தேன், இரண்டாவது வாரமே அது அரைச் சுரம் இறங்கி உட்கார்ந்தது. நல்ல பியானோவுக்கே வருஷத்துக்கு இரண்டு ட்யூனிங் வேண்டும்.

கிட்டார்ல கிரேடு 5 முடிச்சிருக்கேன். பியானோவுல மறுபடி முதல்லேர்ந்தா?

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டும் லண்டன் இசைத் தேர்வு அமைப்புகள். டிரினிட்டியில் இனிஷியல் என்ற ஆரம்ப நிலைக்குப் பிறகு 1 முதல் 8 வரை கிரேடுகள், எதில் வேண்டுமானாலும் நேராக உட்காரலாம், முந்தையதை முடித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. ஏபிஆர்எஸ்எம் வழி போனால் கிரேடு 6, 7, 8-இல் உட்கார, தியரி 5 அல்லது அதற்கு இணையானது கேட்பார்கள். கிட்டாருக்காக முடித்த தியரி 5 இங்கேயும் செல்லும். என் யோசனை: பியானோவில் கிரேடு 2 அல்லது 3-இலிருந்து தொடங்குங்கள். கிரேடு 5 கிட்டார்காரன் இனிஷியல் பாட்டை வாசிக்க வெட்கப்படுவான், ஆனால் கையோ கிரேடு 1-இல்தான் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம் அது.

கமகம், பெண்டிங் எல்லாம் பியானோவுல வராதாமே?

வராது. சுத்தியல் அடித்த பிறகு சுரத்தை வளைக்க வழியில்லை. கீபோர்டில் சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் வீல் இருக்கிறது, பழகினால் ஓரளவு ஏமாற்றலாம். ஆனால் கையை எடுத்த பிறகும் சுரத்தை ஒலிக்கவைக்கும், கிட்டாரில் கிடைக்காத பெடல் இங்கே இருக்கிறது. ஒரு ரகசியம்: கார்டு மாறும் அதே கணத்தில் பெடலை மிதிக்காதீர்கள். புதுக் கார்டு விழும்போது காலை எடுத்து, விழுந்த மறுகணம் மிதியுங்கள். இல்லையென்றால் பழைய கார்டும் புதுக் கார்டும் ஒன்றாகக் கலங்கும்.

கிட்டாரை விட்டுடணுமா?

எதற்கு? சென்னையில் மேற்கத்திய இசை சொல்லித் தந்த தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா பியானோவும் படித்தார், கிட்டாரும் படித்தார். எனக்கு இப்போதுதான் கிட்டார் கழுத்தில் எங்கே எந்தச் சுரம் என்று தெரிகிறது.

ஆறு மாசம்தான் ஆச்சு. டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸுக்கு கீபோர்டு வாசிக்கக் கூப்பிடறாங்க. போகலாமா?

போங்கள். சர்ச்சில் பாடும் பாமாலைப் பாட்டுகள் நாலு குரலில் எழுதியவை, கார்டு மெதுவாகத்தான் நகரும், மேலே சொன்ன 'கை நகராமல் சுரம் நகர்த்துவது' பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் வருஷம் இடது கையில் அடிச்சுரம் மட்டும் போதும், யாரும் கவனிக்கமாட்டார்கள். தபேலாவும் டிரம்பெட்டும் மூடிவிடும்.

ஸ்டாண்டை குட்டி யானை வண்டியின் பக்கவாட்டுக் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டுங்கள். நான் கட்டாமல் போனேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டி குதித்ததும், இன்வெர்ட்டரிலிருந்து வந்த அடாப்டர் பிடுங்கிக்கொண்டு கீபோர்டு ஊமையாகிவிட்டது. பாட்டு இரண்டாவது சரணத்தில். பக்கத்தில் ஒரு பையன் வைத்திருந்த கிட்டாரைப் பிடுங்கி வாசித்து முடித்தேன். அன்றிலிருந்து டிசம்பர் முதல் வாரமே ஆறு பேட்டரி வாங்கி கீபோர்டுக்குள் போட்டு வைத்துவிடுகிறேன்.